மேல்தளத்தில் பன்றி விரட்டிய மாலை

ஜவ்வாது மலையில் சாமை விதைக்கும் குடும்பத்திலிருந்து சொகுசுக் கப்பலில் பரிமாறும் வேலைக்குப் போனவன் நான். அங்கே வாரம் ஒரு மாலை மேல்தளத்தில் வேஷ விருந்து நடக்கும். ஒரு வாரம் எல்லாரும் வெள்ளை உடுத்துவார்கள், இன்னொரு வாரம் கடற்கொள்ளையர் வேஷம். நான் சேர்ந்த பிறகு ஒரு வாரம் காட்டு வேஷம் என்றார்கள். நான் மலைக்காரன் என்று தெரிந்திருந்த மேற்பார்வையாளர், இறகுக் கிரீடமும் பிளாஸ்டிக் ஈட்டியும் கொடுத்து என்னை வாசலில் நிறுத்தினார்.

சமையலறையில் வேலை செய்த வாணியம்பாடி பாய் பார்த்துச் சிரித்தார். "இன்னாபா, உங்க ஊர்ல இப்டிதான் சுத்துவீங்களா?"

"எங்க வூட்ல எல்லாரும் பேன்ட்டு சட்டைதான் பாய்" என்றேன்.

வெயில் இறங்கும் நேரத்தில் ஒரு பயணி, காட்டு மனிதர்களைப் போலக் கத்திக் காட்டச் சொன்னார். எனக்குத் தெரிந்தது ஒரே கத்தல்தான். சாமைக் கொல்லையிலிருந்து காட்டுப்பன்றியை விரட்ட நாங்கள் போடுவது. அதையே அடிவயிற்றிலிருந்து போட்டேன். தளத்தில் இருந்த அத்தனை பேரும் கையில் கோப்பையோடு திருப்பிக் கத்தினார்கள்.

பாயிடம் மட்டும் விஷயத்தைச் சொன்னேன். "அப்போ அவுங்களே அவுங்கள தொரத்திக்கினாங்களா?" என்றார்.

அடுத்த காட்டு மாலையிலும் என்னைக் கத்தச் சொன்னார்கள். அவமானமாக இல்லை; ஆனால் பயிரைக் காக்கப் போடும் கத்தலை விளையாட்டாகப் போட மனம் வரவில்லை. பழரச மேசைக்குப் போகிறேன் என்றேன். மேற்பார்வையாளர் காரணம் கேட்கவில்லை. கிரீடம் ஒரு பிலிப்பைன்ஸ்காரருக்குப் போனது. அவர் என்னிடமே வந்து கத்தலைக் கற்றுக்கொண்டு, நன்றாகவே கத்தினார்.