முன்னால் நிற்க நினைத்தவர்

கோம்பையில் ஒரு கல்யாணத்துக்குப் பந்தல் போடப் போயிருந்தேன். பெண்ணின் தாயார் கணவரை இழந்தவர். வெள்ளைச் சேலையின் முந்தானையை வெறும் மணிக்கட்டில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாகவே இருப்பார். ஐயர் வேண்டாம், பெரியவர் ஒருவர் முன்னிலையில் மாலை மாற்றித் தாலி கட்டினால் போதும் என்று அவர்தான் முடிவு செய்திருந்தார். அப்போது எங்கள் பக்கம் அது புதிது.

“அய்யரு இல்லாம கட்டுனா அது தாலியா, வெறுங் கயிறா?” என்று அவருடைய அண்ணன் எல்லார் காதிலும் விழும்படி கேலி பேசினார்.

அவர் அண்ணனைத் தாண்டி என் பக்கம் வந்தார். பந்தக்கால் நட்டுக்கொண்டிருந்த என்னிடம் சொன்னார்: “அய்யரு முறையின்னா நான் அடுப்பங்கரையிலதேன் கெடக்கணும் தம்பி. இதுல தாலிய நானே எடுத்துக் குடுக்கலாம்னு சொன்னாக.”

மறுநாள் காலை கல்யாணத்தை நடத்திவைக்க வந்த பெரியவர், “ஆத்தா, இங்கன வாங்க, தாலிய எடுத்துக் குடுங்க” என்று அழைத்தார். தாலித் தட்டுவரை நீண்ட தாயாரின் கை அப்படியே நின்றுவிட்டது.

“எங் கை பட வேணாம்யா. புள்ள நல்லா இருக்கட்டும்.”

யாரும் தடுப்பதற்குள் அடுப்பங்கரைக்குப் போய்விட்டார். பக்கத்தில் நின்ற நானும் கூச்சத்தில் வாய் திறக்கவில்லை. அண்ணன்தான் தாலியை எடுத்துக் கொடுத்தார்.

சாயங்காலம் பந்தலைப் பிரிக்கும்போது தாயார் என்னிடம் வந்து கேட்டார்: “தாலி ஏறயில எம் மக அழுதாளா தம்பி?”

“இல்லக்கா. அடுப்பங்கரைப் பக்கமே பாத்துக்கிட்டு இருந்துச்சு.”

முந்தானையை மணிக்கட்டில் சுற்றியபடி அவர் வெகுநேரம் அங்கேயே நின்றார். அழவில்லை என்பதோடு நான் நிறுத்தியிருக்கலாமோ என்று இன்றும் நினைத்துக்கொள்கிறேன்.