மேல்கணக்கு, கேக்குதா?

முதலாவது, இது நடந்தது. இரண்டாவது, நடந்தபோது நான் குடித்திருக்கவில்லை, காய்ச்சல் இல்லை, தூங்கவும் இல்லை. மூன்றாவது, என்னோடு இன்னொருவரும் இருந்தார், அவரும் கேட்டார். அவரை யாரும் அடையாளம் கண்டு இதை அவரிடம் சொல்லிவிடக் கூடாது என்பதற்காகப் பெயர்களை மட்டும் மாற்றியிருக்கிறேன். மற்றதெல்லாம் நடந்த ஒழுங்கிலேயே இருக்கிறது. நம்புவதும் விடுவதும் உங்கள் பாடு.

யட்டியாந்தோட்டை கடைத்தெருவில் எனக்கொரு சின்னக் கடை. போட்டோக் கொப்பி, பாஸ்போர்ட் படம், பழைய கேசட்டுகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றிக் கொடுப்பது. வருவதில் முக்கால்வாசி கல்யாணக் கேசட்டுகள்தான். போன வருஷம் மாவனல்லை பயாஸ் நானா (முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் நானா என்போம்) வேறு மாதிரி ஒரு வேலை கொண்டுவந்தார். அவர் அமெச்சூர் ரேடியோக்காரர். கூரைமேல் கம்பி கட்டி, சொந்த செட்டில் ஊர் ஊராகப் பேசுகிற ஆட்கள் இருக்கிறார்களே, அந்தக் கூட்டம். அவர்களில் செத்துப்போனவர்கள் பதிந்து வைத்த கேசட்டுகள் பூஞ்சணம் பிடித்து அழிகின்றன. அழிவதற்குள் ஏற்றிவிட வேண்டும் என்றார். தன்னுடைய நல்ல கேசட் டெக்கையும் என் மேசையில் கொண்டுவந்து வைத்தார்.

"ஒரு செக்கன் கூட வெட்டப்படாது மகன். சும்மா இரைச்சல் ஓடினாலும் அப்பிடியே ஈக்கணும்."

"வெறும் இரைச்சல யாரு நானா குந்திக்கிட்டுக் கேக்கப்போறா?"

"நீ கல்யாண வீடியோக்காரன், உனக்கு வெளங்காது. ஒருத்தன் 'ஓவர்' எண்டு சொன்னா, பேசுற முறை மத்தவனுக்குப் போயிட்டு. அவன் பேசாட்டி அந்த இரைச்சல்தான் பதில். எங்கட ஆக்கள் கூப்பிட்ட குரலுக்குப் பதில் சொல்லாம இருக்க மாட்டாங்க. வாய் தானா வந்துரும்."

நான் தலையாட்டினேன். அவ்வளவுதான்.

ஐப்பசி மழைக்காலத்தில் ரோஷானி டீச்சர் வந்தார். பக்கத்துத் தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறவர். அவருடைய அப்பா ஞானப்பிரகாசம், அந்தத் தோட்டத்தில் மருந்து கொடுக்கிற டிஸ்பென்சராக இருந்தவர், ரேடியோக்காரர், பயாஸ் நானாவின் கூட்டாளி. இறந்து ஒரு வருஷம். டீச்சர் கொண்டுவந்தது ஒரே ஒரு கேசட். சுற்றிலும் மருந்துக்கட்டுப் பிளாஸ்டர் ஒட்டியிருந்தது.

"தம்பி, கல்யாணக் கேசட்டு மாதிரி பின்னால பாட்டு கீட்டு போட்டுறாதீங்க."

"போன மாசம் ஒரு செத்த வீட்டுக் கேசட்டுக்கே போட்டுக் குடுத்தேன் டீச்சர். நல்லா இருக்குன்னாங்க."

சிரித்தார். பிறகு கதையைச் சொன்னார்.

அவர் சின்னப் பிள்ளையாக இருந்தபோது ஒரு பெருமழை. டெலிபோன் கம்பியெல்லாம் அறுந்துபோனது. அப்பா கீழே மருந்துக் காம்பராவில் செட்டோடு இருந்தார். டீச்சரின் அண்ணன் சுதர்சன், கையில் பிடிக்கிற சின்ன செட்டோடு மேல்கணக்கில் இருந்தான். மேல்கணக்கு என்றால் தோட்டத்தின் மலையுச்சிப் பிரிவு. அங்கே தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்து ஆட்களில் சிலர் பிள்ளைக்காம்பராவுக்குள் ஒதுங்கினார்கள். வேலை நேரத்தில் கைக்குழந்தைகளை விடுகிற கல்லுக் கட்டடம் அது. மலை சரிந்து அதன்மேல்தான் விழுந்தது. சுதர்சனையும் சேர்த்து ஏழு பேர் செத்துப்போனார்கள். லயம் அப்படியே நின்றது.

"அனுப்பினது டிஸ்பென்சர்தான்" என்று தோட்டம் பேசியது. அப்பா ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அம்மா தெரேசம்மா, ஒரே வீட்டில் இருந்துகொண்டே அவரோடு பேச்சை நிறுத்தினார். அவருடைய சவப்பெட்டி மூடும் வரைக்கும் ஒரு வார்த்தை பேசவில்லை.

"இப்ப அம்மா வாதம் வந்து படுக்கையில. காலு ரெண்டும் வராது. ஒவ்வொரு நாளும் ஒரே கேள்விதான் தம்பி. 'அவரு அனுப்பினாரா, இல்லையா? அது தெரிஞ்சா நான் கண்ண மூடிருவேன்.' அன்னைக்குப் பேசினது இதுலதான் இருக்கு. என் அப்பா என்ன சொன்னாருன்னு எனக்குத் தெரியணும்."

காலையில் தந்துவிட்டுப் போனார். பள்ளிக்கூடம் முடிந்து சாயங்காலம் அவர் வருவதற்குள் ஏற்றி வைத்தேன். வந்ததும் போட்டுக் காட்டினேன்.

"மேல்கணக்கு, மேல்கணக்கு, கேக்குதா? ஓவர்."

"கேக்குதுப்பா. லயத்துக்குப் பின்னால மண்ணு விழுது. எல்லாரும் பயந்து நிக்குறாங்க. எங்க போகணும்? ஓவர்."

"பிள்ளைக்காம்பராவுக்குக் கூட்டிட்டுப் போ. கல்லுக் கட்டடம். ஓவர்."

"சரிப்பா. போறோம். ஓவர்."

டீச்சர் கண்ணாடியைக் கழற்றி, சேலைத் தலைப்பில் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டார். "சொல்லியிருக்காரு" என்றார்.

கேசட்டில் அதன் பிறகு அவர் அப்பா கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். மூச்சு விடாமல். மேல்கணக்கு கேக்குதா ஓவர். கேக்குதா ஓவர். கேக்குதா ஓவர்.

"இது பிழை தம்பி. அப்பா இப்படிக் கூப்பிட மாட்டாரு. கூப்பிட்டா, காத்திருப்பாரு."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. கல்யாணக் கேசட்டுகளுக்குப் போடுகிற பழக்கத்தில், பேச்சில்லாத இடங்களைத் தானாக வெட்டும்படி கம்ப்யூட்டரை விட்டிருந்தேன். முக்கால் மணி நேரக் கேசட் பதினைந்து நிமிஷமாகச் சுருங்கியிருந்தது.

"அப்ப, காத்திருந்த இடத்துல அண்ணன் மெதுவா ஏதாச்சும் சொல்லியிருந்தா? அதையும் வெட்டியிருக்குமா?"

"வெட்டியிருக்கும் டீச்சர்."

"மறுபடி போடுங்க. முழுசா."

கேசட்டை டெக்கில் போட்டு, கம்ப்யூட்டரில் பதியவிட்டு, ஸ்பீக்கரிலும் விட்டேன். ஐந்தரை இருக்கும். வெளியே மழை அடித்தது. கடைத்தெருவில் ஆள் இல்லை. பாதிக் கதவை இழுத்து விட்டேன்.

இந்த முறை காத்திருப்புகள் இருந்தன. அவர் கூப்பிடுவார். ஓவர். பிறகு இரைச்சல், ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம். மறுபடி கூப்பிடுவார். குரல் கொஞ்சம் கொஞ்சமாக உடைந்தது. டீச்சர் ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

கடைசியில் ஒரு "ஓவர்". அதன் பிறகு அவர் கூப்பிடவில்லை. வெறும் இரைச்சல். இரைச்சலோடு மழைச் சத்தம்.

நான் வெளியே பார்த்தேன்.

மழை விட்டிருந்தது. ரோட்டில் தண்ணீர் அசையாமல் கிடந்தது.

மழைச் சத்தம் ஸ்பீக்கரில்தான் வந்தது…

'டக்'. டெக்கின் பொத்தான் தானாக மேலே எழும்பியது. நாடா முடிந்துவிட்டது. சக்கரம் இரண்டும் நின்றன.

சத்தம் நிற்கவில்லை.

கம்ப்யூட்டர் திரையைப் பார்த்தேன். சத்தத்தைக் காட்டுகிற பச்சைக் கோடு தரையோடு கிடந்தது. ஒன்றும் வரவில்லை என்று அது சொன்னது.

ஸ்பீக்கரில் ஒரு குழந்தை இருமியது.

யாரோ 'உஸ்ஸ்…' என்று அதை அடக்கினார்கள்.

பிறகு…

"அப்பா. நாங்க பிள்ளைக்காம்பராவுலதான் இருக்கோம். யாரும் வெளிய போகல. ஏழு பேரும் இருக்கோம்."

சற்று முன் கேட்ட அதே குரல். ஆனால் வாய்க்குள் எதையோ வைத்துக்கொண்டு பேசுவது போல.

"அடுத்தது எங்க போகணும்? ஓவர்."

ஸ்பீக்கர் வயரைப் பிடுங்க வேண்டும் என்று தெரிகிறது. கை வரவில்லை.

டீச்சர் குனிந்தார்.

"வீட்டுக்கு வந்துருண்ணா. அம்மா பாத்துக்கிட்டு இருக்காங்க. ஓவர்."

என் கடையில் மைக் கிடையாது. அவர் பேசியது ஸ்பீக்கரோடு.

வயரைப் பிடுங்கினேன்.

"சரி. வர்றோம்."

பல குரல்கள். ஒன்றாக. வயர் என் கையில் இருந்தது.

மணி ஆறு இருபது.

டீச்சர் கைப்பையை எடுத்தார், நானும் கதவைப் பூட்டிவிட்டுக் கூடப் போனேன். முச்சக்கர வண்டிக்கார நிரோஷன் பாதி வழியில் நிறுத்திவிட்டான். "பாற வஹலா" என்று சிங்களத்தில் சொன்னான். மண் விழுந்து பாதையை மூடியிருந்தது. மிச்சத்தை நடந்தோம். வீட்டுக்குப் போனபோது ஏழரை தாண்டியிருந்தது.

கதவு திறந்து கிடந்தது. கட்டில் வெறுமையாக இருந்தது. போர்வை நான்காக மடித்து வைக்கப்பட்டிருந்தது.

அம்மாவைப் பார்த்துக்கொள்ளும் பக்கத்து வீட்டுச் சுப்பம்மா ஓடிவந்தார்.

"சோறு வடிக்கத்தான் போனேன் டீச்சர். உள்ள ஆளுக பேசுற சத்தம் கேட்டுச்சு. சொந்தக்காரங்க வந்திருக்காங்கன்னு நெனச்சிட்டேன். தெரேசம்மா அக்கா சிரிச்சுச்சு… அவ்வளவு சத்தமா சிரிச்சுச்சு. அதான் நான் எட்டிப் பாக்கல."

இரவெல்லாம் டோர்ச்சோடு தேடினோம். விடிந்த பிறகுதான் கிடைத்தார். மேல்கணக்கில், பிள்ளைக்காம்பரா இருந்த இடத்தில். மிச்சமிருந்த கல்லுச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். உயிர் இல்லை.

வீட்டிலிருந்து அங்கே இரண்டு மைல் ஏற்றம். முழங்கால் வரை சேறு. அவர் பாதத்தில் ஒரு துளி மண் இல்லை.

சட்டையில்தான் மண் இருந்தது. இரண்டு தோளிலும், இடுப்பிலும், முதுகிலும். செம்மண் கை அடையாளங்கள். பெரிய கைகள். சில சின்னஞ்சிறு கைகள்.

யாரோ தூக்கிக்கொண்டு போயிருக்கிறார்கள் என்று பொலிஸ் எழுதிக்கொண்டது. யார் என்று இன்றுவரை எழுதவில்லை.

அடக்கம் முடிந்து மாதா கோயில் வாசலில் டீச்சர் என் கையைப் பிடித்துக்கொண்டார். அழவில்லை.

"அண்ணன்தான் வந்து கூட்டிட்டுப் போயிருக்கான் தம்பி. அம்மா அவன்கிட்டயே கேட்டிருப்பாங்க. அப்பா மேல பிழையில்லன்னு அவன் சொல்லியிருப்பான். இல்லாட்டி அம்மா சிரிச்சிருப்பாங்களா?"

அந்த முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

கடைக்கு வந்து, அன்று கம்ப்யூட்டரில் பதிவானதை முழுதாகக் கேட்டேன். கடைசி "ஓவர்" வரை இருக்கிறது. பிறகு இரைச்சல். பிறகு அதுவும் இல்லை.

அடுத்த கிழமை பயாஸ் நானா டெக்கை எடுத்துப்போக வந்தார். உட்காரவில்லை.

"மகன், ஞானப்பிரகாசத்துட மகள் ஒங்கட கடைக்கு வந்த அந்த மழை நாள் பின்னேரம், அங்க யாரு செட்டு வெச்சி பேசினது?"

"செட்டா? இங்க ஏது நானா?"

"நான் கேட்டேனே. மாவனல்லையில, எங்கட ஊட்டு செட்டுல. ஒரு பொம்புளப் புள்ளட குரல். 'வீட்டுக்கு வந்துருண்ணா' எண்டு."

நேரத்தைக் கேட்டேன். ஆறு இருபது என்றார்.

"சரியா வெளங்கல்ல. ரெண்டு பேரு ஒரே நேரத்துல பேசினா ஒருத்தரையும் கேக்க ஏலாது. அந்தப் புள்ள பேசக்குள்ள இன்னொருத்தர் கத்திக்கிட்டு இருந்தாரு. அவ முடிச்ச பொறகுதான் அவர்ட குரல் தெளிவாச்சு."

"யாரு நானா?"

அவர் என்னைப் பார்க்கவில்லை. டெக்கைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"ஞானப்பிரகாசம். இருவது வருஷம் பேசின குரல், எனக்குத் தெரியாதா? திரும்பத் திரும்ப ஒண்டத்தான் சொன்னாரு… 'ரோஷானி, பதில் சொல்லாதம்மா. அது சுதர்சன் இல்ல.'"