மூன்றாவது குழாயின் தண்ணீர்

பேருந்துப் பணிமனையில் புதைத்திருக்கும் டீசல் தொட்டி கசிகிறதா என்று அறிய, அதைச் சுற்றி மண்ணில் இறக்கிய சோதனைக் குழாய்களில் நிலத்தடி நீரெடுத்து ஆய்வுக்கு அனுப்புவது அவள் வேலை. பதினாறு வருட அனுபவம்.

“சட்டுனு பிடிச்சிட்டுக் கெளம்புங்கக்கா. தண்ணிதான் கண்ணாடி மாதிரி இருக்கே,” என்றார் பணிமனையின் இளம் மேலாளர்.

“இது குழாயில தேங்கின பழைய தண்ணி, தம்பி. இதை இறைச்சாத்தான் மண்ணுக்குள்ள இருக்கிறது வரும்.”

அரை மணி நேரம் பம்பு ஓடியது. மூன்றாவது குழாயின் வாளியில் எண்ணெய்ப் படலம் மினுமினுத்தது. மேலாளரின் முகம் சுண்டிப்போனது.

“போன தடவை சுத்தமா இருந்துச்சே!”

“அப்ப ஓட்டை விழல, இப்ப விழுந்திருக்கு. டீசல் தொட்டியைத் தோண்டச் சொல்லுங்க.”

தோண்டினார்கள். தொட்டியின் அடியில் ஆணி நுழையுமளவு துளை இருந்தது. பக்கத்துத் தெருக் கிணறுகளையும் அவளே சோதித்தாள். எதிலும் எண்ணெய் இறங்கியிருக்கவில்லை.

வீடு திரும்பியவள், “ஏங்க, இன்னைக்குச் சமையல் உங்க பொறுப்பு,” என்று கணவரிடம் சொல்லிவிட்டுக் காலை நீட்டிப் படுத்தாள்.