ஓடினால் டிராலி, ஓடாவிட்டால் பெஞ்சு

சேரன்மகாதேவிக்கு மேற்கே, வயல்களுக்கு நடுவில் இருக்கிறது எங்கள் ஊர். திருநெல்வேலியிலிருந்து தென்காசி போகும் ரயில் ஊரைத் தொட்டுக்கொண்டு போகிறது. இப்போது அகலப்பாதை. அதற்கு முன் நூறாண்டுக்குப் பக்கமாக அங்கே கிடந்தது மீட்டர் கேஜ், அதாவது இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவே சரியாக ஒரு மீட்டர்.

அகலப்பாதை போட்டபோது பழைய பாதையைப் பெயர்த்து ஏலம் விட்டார்கள். ஏலம் எடுத்தவர்களிடமிருந்து அது துண்டு துண்டாக ஊருக்குள் வந்து சேர்ந்தது. தண்டவாளத்துக்கு அடியில் கிடந்த ஸ்லீப்பர் கட்டைகள் தொழுவங்களுக்குத் தூணாக நின்றன. சிக்னல் கம்பி பல வீட்டு மாடிகளில் துணிக்கொடியானது. இரண்டு தண்டவாளங்கள் வாய்க்காலுக்குக் குறுக்கே பாலமாகக் கிடந்தன. அவற்றின் மேல் பலகை போட்டு உரமூட்டை கொண்டுபோனார்கள்.

பாளையங்கோட்டையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றபின், எது எங்கே இருக்கிறது என்று ஒரு நோட்டில் எழுத ஆரம்பித்தேன். பொருள், இருக்கும் இடம், நான் பார்த்த தேதி என்று மூன்று கட்டம். பிறரிடம் கேட்டுத் தேதி எழுதுவதில்லை என்று முதல் மாதத்திலேயே முடிவு செய்துவிட்டேன். கடைசி மீட்டர் கேஜ் வண்டி போன நாளை ஏழு பேரிடம் கேட்டேன். நான்கு கிழமைகள் கிடைத்தன. ஒருவர் அன்றைக்கு அடைமழை என்றார். அவருடைய தம்பியோ, வண்டியை வழியனுப்ப நின்று வெயிலில் தலைசுற்றி விழுந்ததே தான்தான் என்றார். இருவரும் ஒரே வீட்டில் இருக்கிறார்கள்.

இந்த நோட்டைப் பார்த்துத்தான் எங்கள் ஊர் வாசகசாலையில் கூடுகிறவர்களுக்கு ஒரு யோசனை பிறந்தது. பின்புறம் காலியிடம் இருக்கிறது, வாய்க்கால் தண்டவாளங்களைக் கேட்டு வாங்கி முப்பது அடிக்குப் பழைய பாதையை அப்படியே போட்டு வைக்கலாம் என்றார்கள். வாய்க்காலுக்கு சிமெண்டுப் பாலம் வந்துவிட்டதால் தண்டவாளத்துக்குச் சொந்தக்காரர் மறுப்புச் சொல்லவில்லை. தொழுவக்காரர்கள் கட்டைகளைக் கொடுத்தார்கள். போட்டுத் தர ஆள் இருந்தார். மீட்டர் கேஜில் கேங்மேனாக இருந்து, தண்டவாளம் பார்த்தே காலம் கழித்தவர். ஒரு வாரம் நிதானமாக வேலை செய்தார். கட்டையில் துளை போட்டு, ஆணி அடித்து, அளவுகோலை வைத்து வைத்துப் பார்த்து, ஒரு மயிரிழை பிசகாமல் முடித்தார்.

பாதை வந்துவிட்டது. ஆனால் அதில் ஓட ஒன்றும் இல்லை. ஊரில் மிஞ்சியிருந்த சக்கரம் நாலே நாலுதான். அவை பேருந்து நிறுத்தத்து டீக்கடையில் இருந்தன.

அது ஒரு தள்ளு டிராலி. இரும்புச் சக்கரங்களின் மேல் மரச்சட்டம். அதன் மேல் ஒரு பலகை இருக்கை. பாதையைச் சோதிக்க வரும் அதிகாரி அதில் உட்கார்ந்துகொள்வார். இரண்டு பேர் வெறுங்காலோடு தண்டவாளத்தின் மேலேயே ஓடித் தள்ளுவார்கள். கடைக்காரர் அதை ஏலக்காரரிடம் வாங்கி, சக்கரங்களுக்கு முட்டுக் கொடுத்து, பெஞ்சாகப் போட்டிருந்தார். ஆறு பேர் தாராளமாக உட்காரலாம். காலையில் அந்த இடத்துக்குப் போட்டி உண்டு.

நாங்கள் கேட்டபோது அவர் கண்ணாடி டம்ளரைக் கழுவிக்கொண்டே சொன்னார்.

"தாரேன் சார்வாள். ஆனா கண்ணாடிப் பெட்டிக்குள்ள வைக்கதுக்குத் தரமாட்டேன். ஒரு ஞாயித்துக்கிழமை உங்க பாதையில ஓட்டிக் காட்டுங்க. ஓடுனா டிராலி, வச்சுக்கிடுங்க. ஓடலேன்னா அது பெஞ்சுதான். மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால கடைக்கு வந்துரணும்."

சரி என்று ஒப்புக்கொண்டேன். டிராலி இல்லாவிட்டால் எங்கள் பாதை வெறும் இரும்பு. அதை வேடிக்கை பார்க்க யாரும் இரண்டாம் முறை வரப்போவதில்லை. ஆவணி முதல் ஞாயிறு என்று நாள் குறித்து, பக்கத்து ஊர்களுக்கும் சொல்லிவிட்டோம்.

சனிக்கிழமை நான் ஒரு காரியம் செய்தேன்.

தண்டவாளத்தின் இடுப்பில், அதாவது பக்கவாட்டில், அதைச் செய்த ஆலை புடைப்பெழுத்தில் ஆண்டைப் பொறித்திருக்கும். எங்கள் தண்டவாளம் ஒன்றில் அது தெளிவாகவே இருந்தது. சென்ற நூற்றாண்டின் தொடக்கத்து ஆண்டு. காகிதத்தில் எத்தனையோ தேதிகளைச் சந்தேகப்பட்டிருக்கிறேன். இரும்பில் எழுதியதை யார் மறுக்க முடியும்? ஆனால் எழுத்து இருந்த பக்கம் பாதையின் உட்புறமாகத் திரும்பியிருந்தது. பார்க்க வருபவர்கள் நிற்கும் இடத்திலிருந்து தெரியாது. கேங்மேன் ஒரு விசேஷ வீட்டுக்காக சீவலப்பேரி போயிருந்தார். நான் வயல் வேலை முடித்து வந்த எட்டுப் பேரைப் பிடித்து, ஆணிகளைப் பிடுங்கி, அந்தத் தண்டவாளத்தைத் தலைமாடு கால்மாடாகத் திருப்பிப் போடச் செய்தேன். அதே கட்டை, அதே துளை, அதே ஆணி. ஆண்டு பளிச்சென்று வெளியே தெரிந்தது. எண்ணெய் போட்டுத் துடைத்துவிட்டு வீட்டுக்குப் போனேன்.

ஞாயிறு காலை நல்ல கூட்டம். டிராலியை டெம்போவில் ஏற்றி வந்து பாதையில் வைத்தோம். முனையில் சற்று இறுக்கமாகத்தான் உட்கார்ந்தது. இரண்டு பேர் தள்ளினார்கள். பத்து அடி போனது. கிறீச்சென்று ஒரு சத்தம், நின்றுவிட்டது. நான்கு பேர் தள்ளினார்கள். அசையவில்லை.

கடைக்காரர் அவசரப்படவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, நாளைக் காலை பெஞ்சை முன்பு இருந்த இடத்திலேயே போடுவதா, வேப்பமரத்தடிக்கு மாற்றுவதா என்று பக்கத்திலிருந்தவர்களிடம் அபிப்பிராயம் கேட்டுக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் கேங்மேன் பஸ்ஸிலிருந்து இறங்கி நேராக வந்தார். டிராலியை அவர் பார்க்கவே இல்லை. குனிந்து, தண்டவாளத்தின் தலையை, சக்கரம் உருளும் மேல்பகுதியை, கட்டைவிரலால் தடவிக்கொண்டு நடந்தார். நிமிர்ந்தார்.

"நேத்து இங்கன யாரு கை வச்சது?"

நான் சொன்னேன். ஏன் திருப்பினேன் என்பதையும் சொன்னேன். அவர் அந்த ஆண்டை விரலால் தட்டிக் காட்டினார்.

"சார்வாள், இது வளைவுல கெடந்த தண்டவாளம்லா. அத்தன வருசமும் சக்கரம் ஒரே பக்கமா ஒரசி ஒரசித் தின்னுருக்கு. தின்ன பக்கம் உள்ள இருக்கணும்னு வச்சு நான் அளவு போட்டேன். நீங்க முழுப்பக்கத்த உள்ள தள்ளிட்டீங்க. பாத இறுகிட்டுது. வண்டி எப்படிப் போவும்?"

குனிந்து விரல் வைத்துப் பார்த்தேன். ஒரு பக்கம் தலை முழுசாக இருந்தது. மறுபக்கம் சுண்டுவிரல் பருமனுக்குத் தேய்ந்திருந்தது. அந்தத் தண்டவாளத்தைப் பற்றி என் நோட்டில் இரண்டு பக்கம் எழுதியிருக்கிறேன். எழுத்தைப் பார்த்தேனே தவிர தேய்வைப் பார்க்கவில்லை.

ஆண்டு வெளியே தெரியும்படியே வைத்துக்கொண்டு, ஆணிகளை மட்டும் சற்றுத் தள்ளி அடித்தால் என்ன என்று கேட்டேன். கேட்டபோதே எனக்கு வெட்கமாக இருந்தது. பழைய துளைக்குப் பக்கத்தில் இன்னொன்று போட்டால் கட்டை பிளந்துவிடும் என்றார் அவர். பிறகு, முடிவை என்னிடமே விட்டுவிட்டார். மணி பதினொன்றரை. கடைக்காரர் வீட்டில் ஒரு மணிக்குச் சாப்பாடு.

திருப்பிப் போட்டுவிடுங்கள் என்றேன்.

ஆணிகளைப் பிடுங்கினார்கள். நேற்று வந்த எட்டுப் பேரில் ஐந்து பேர்தான் இருந்தார்கள். நானும் கை கொடுத்தேன், வேறொருவரும் சேர்ந்தார். ஏழு பேரும் மூச்சு முட்டத் தூக்கிக்கொண்டிருந்தபோது, அதுவரை வேடிக்கை பார்த்த கடைக்காரர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து நடுவில் தோள் கொடுத்தார்.

"என்ன மாப்ளே, ஒம் பெஞ்சுக்கு நீயே ஒல வைக்க?" என்றார் கேங்மேன்.

"பாத்துக்கிட்டு நிக்க முடியல மாமா. பைய தூக்குங்க."

ஆணி அடித்து முடிக்கப் பன்னிரண்டே முக்காலாகிவிட்டது. டிராலியில் யார் உட்காருவது என்ற பேச்சு வந்தபோது, இன்னும் தன் பெஞ்சுதானே என்று கடைக்காரர் ஏறி நட்டநடுவில் அமர்ந்தார். கேங்மேன் செருப்பைக் கழற்றினார். ஒரு பக்கம் அவர், மறுபக்கம் இன்னொருவர். காலையில் நின்றுபோனதை மனதில் வைத்து இருவரும் பலங்கொண்ட மட்டும் தள்ளிவிட்டார்கள்.

டிராலி சத்தமே இல்லாமல் போனது. முப்பது அடி எவ்வளவு குறைவு என்பது அன்றுதான் எங்களுக்குத் தெரிந்தது. பாதை முடிந்தது, டிராலி முடியவில்லை. காலியிடத்து வேலியை விலக்கிக்கொண்டு, அன்று காலைதான் தண்ணீர் பாய்ச்சியிருந்த பக்கத்து வாழைத் தோட்டத்துச் சேற்றில் போய் அச்சு வரை இறங்கி நின்றது. கடைக்காரர் இருந்த இருப்பு மாறாமல் உட்கார்ந்திருந்தார். சட்டையில் மட்டும் சேறு. நாங்கள் ஓடிப்போய்ச் சுற்றி நின்றோம். அவர் எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தார்.

"ஓடிட்டுது. ஒத்துக்கிடுதேன். ஆனா நிக்கலையே வே."

"நிக்கணும்னு நீ கேக்கவே இல்லையே மாப்ளே" என்றார் கேங்மேன்.

டிராலிக்குப் பிரேக் கம்பி ஒன்று இருந்ததாம். உட்காருபவர்கள் முழங்காலில் இடிக்கிறது என்று கடைக்காரரே கழற்றி எங்கோ போட்டுவிட்டாராம். சேற்றில் உட்கார்ந்தபடியேதான் இதையும் சொன்னார். இறங்கியபின், தேடிக் கொண்டுவந்து தருவதாகவும் சொன்னார். டிராலி இனிமேல் வாசகசாலையுடையது என்பதற்கு அதைவிட வேறு பத்திரம் நாங்கள் கேட்கவில்லை.

இப்போது பாதையின் முடிவில் ஒரு கட்டையைக் குறுக்கே போட்டிருக்கிறோம். ஞாயிறு தோறும் டிராலி போய்வருகிறது. தண்டவாளத்தின் ஆண்டைப் பார்க்க விரும்புகிறவர்கள் இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவே குத்தவைத்துத்தான் பார்க்க வேண்டும். இதுவரை அப்படிப் பார்த்தது நான் ஒருவன்தான்.