எஸ்தரின் பெயர் வந்த தாள்

போன வாரம், எங்கள் குழுவில் புதிதாகச் சேர்ந்த பெண் தன் மடிக்கணினியைத் திருப்பிக் காட்டினாள். கம்ப்யூட்டரின் அடித்தள நிரலான கர்னலுக்குள் நேரம் எங்கே போகிறது என்று பார்க்க ஒரே ஒரு கட்டளை தட்டியிருந்தாள். நிரலின் எந்தத் துண்டு, அதாவது எந்த ஃபங்ஷன் ஓடியது, அதை எது கூப்பிட்டது, அதற்கும் முன்னால் எது என்று கீழிருந்து மேல்வரை கலர் கலராக வந்து நின்றது. "நல்லா இருக்கும்மா" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டேன். பாவம், ஏதோ தப்பு செய்துவிட்டோம் என்று நினைத்திருப்பாள். எனக்கோ பிரிண்டர் ரிப்பனின் மை வாசனை மூக்கில் ஏறிக்கொண்டிருந்தது.

அந்த வாசனை ஒரகடத்தைச் சேர்ந்தது. தொண்ணூற்றொன்றில் அங்கே ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஒரு கம்பெனியில் வேலை பார்த்தேன். கிராமங்களுக்கான சின்ன டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் செய்தோம். தாம்பரத்திலிருந்து படப்பை வழியாக வரும் பஸ்ஸில் இறங்கும்போது வெள்ளைச் சட்டை செம்மண் நிறத்துக்கு வந்திருக்கும். ஏசி ஒரே அறையில்தான், அதுவும் கம்ப்யூட்டருக்காக. அதன் புண்ணியத்தில் மேனேஜரையும் டெக்னீஷியனையும் சேர்த்து எட்டுப் பேருக்குக் கொஞ்சம் குளிர் கிடைத்தது.

எக்ஸ்சேஞ்சுக்குள் ஓடிய கர்னல் நாங்களே எழுதியது. லைன்களைக் கவனிக்கும் பகுதி என்னுடையது. தகவலை ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு நகலெடுக்கும் ரொட்டீன் என்ற சின்ன நிரல் துண்டு எஸ்தருடையது. எஸ்தர் மணிமங்கலத்திலிருந்து வருவாள். சேர்ந்து ஐந்து மாதம், இன்னும் டிரெயினிதான். எனக்கு ஒரு வருஷம் முன்னால் சேர்ந்த திமிர் இருந்தது.

திங்கட்கிழமை அரசு அதிகாரிகள் சோதித்துப் பார்க்க வருவதாக இருந்தது. ஒரு ஃபோனை எடுத்தால் டயல் டோன் உடனே வந்தது. இருபதை ஒன்றாக எடுத்தால் நாலு விநாடி மூச்சே இல்லை. அந்த இருபதை எடுப்பதே ஒரு கூத்து. டெக்னீஷியன் ஏகாம்பரம் கேன்டீனிலிருந்துகூட ஆள் பிடித்து வந்து, ஆளுக்கு இரண்டு ரிசீவர் கொடுத்து நிற்கவைப்பார். "நான் மூணு சொன்னாதான் தூக்கணும். யார்னா முன்னாடி தூக்கினா மறுபடி மொதல்லேர்ந்து."

வியாழக்கிழமை நான் ஒரு வழி செய்தேன். டைமர் தட்டும் ஒவ்வொரு முறையும், அந்தக் கணத்தில் நிரல் நினைவகத்தின் எந்த முகவரியில் ஓடிக்கொண்டிருந்தது என்று குறித்துக்கொள்ளும்படி எழுதினேன். ஏகாம்பரம் மூன்று சொன்னார். பிரிண்டர் கத்திக்கொண்டு தாளைத் தள்ளியது. பாதிக்கு மேல் எஸ்தரின் ரொட்டீன்.

மேனேஜர் வரதன் எல்லோருக்கும் தெரியும்படி தாளைத் தூக்கிப் பிடித்தார். "என்னம்மா இது? இருக்கிற டைமெல்லாம் நீயே சாப்பிட்டா?"

எஸ்தர் தாளைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். "என் ரொட்டீன் யார்னா கூப்ட்டாதான் சார் ஓடும். யாரு இத்தினி வாட்டி கூப்புடறாங்கன்னு ஸ்டாக்க பாத்தா தெரிஞ்சிடும். அதையும் எடுக்கச் சொல்லுங்க."

ஒரு ஃபங்ஷன் இன்னொன்றைக் கூப்பிடும்போது, திரும்பிப் போகவேண்டிய முகவரியை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைக்கும் இடம்தான் ஸ்டாக். சாப்பாட்டு கேரியர் மாதிரி. நான் மேல் டப்பாவை மட்டும் திறந்து பார்த்திருந்தேன்.

"முடியுமா?" என்றார் வரதன்.

"அடுக்கு முழுக்கப் படிச்சா அதுவே டைம் எடுக்கும் சார். ரீடிங் கெட்டுடும்" என்றேன். அதில் பொய் இல்லை. ஆனால் என் கண்டுபிடிப்பில் ஒரு டிரெயினி ஓட்டை காட்டிவிட்டாளே என்ற எரிச்சலில்தான் சொன்னேன். இதை எழுதும்போதும் வெட்கமாக இருக்கிறது.

வெள்ளிக்கிழமை எஸ்தரை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள். சாப்பாட்டுக் கூடையை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்கு நடந்தாள்.

மனசு உறுத்திக்கொண்டே இருந்தது. சனிக்கிழமை காலையில் ஸ்டாக்கையும் எடுக்க எழுதினேன். பத்துத் தட்டலுக்கு ஒரு தடவை எடுத்தால் ரீடிங் கெடவில்லை. மொத்தம் இரண்டரை மணி நேர வேலை. இருநூறு அடுக்குகள் வந்தன, வெறும் எண்களாக. முகவரிப் பட்டியலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வோர் எண்ணுக்கும் பென்சிலால் பெயர் எழுதினேன். எஸ்தர், கூப்பிட்டது நான். எஸ்தர், கூப்பிட்டது நான். முப்பதாவது வரியில் பென்சிலை வைத்துவிட்டு என் நிரலை எடுத்துப் பார்த்தேன். ஒரு ரிசீவர் எழுந்தால் அந்த லைனின் விவரம் மட்டும் போதும். பத்திரமாக இருக்கட்டும் என்று நான் ஒவ்வொரு முறையும் எல்லா லைன்களின் விவரத்தையும் நகலெடுக்க வைத்திருந்தேன்.

நாலு வரி திருத்தினேன். ஏகாம்பரம் மூன்று சொன்னார். டோன் உடனே வந்தது.

"எப்டி சார் சரியாச்சு?" என்று கேட்டார்.

"சின்ன மாத்தம்தான்" என்று சொல்லி, பென்சில் தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

திங்கட்கிழமை அதிகாரிகள் பாராட்டினார்கள். வரதன் என் தோளில் தட்டினார். இரண்டு வாரம் கழித்துதான் மணிமங்கலத்துக்குப் போக தைரியம் வந்தது. எஸ்தர் உள்ளே கூப்பிடவில்லை. நான் நீட்டிய பென்சில் தாளை வாசலில் நின்றே கடைசி வரி வரை படித்தாள்.

"எனக்கு இன்னாத்துக்கு சொல்றீங்க? எனக்குதான் அன்னிக்கே தெரியுமே. அத்தினி பேரு இருக்கச்ச என் பேரு வந்துச்சு. அந்த ரூம்ல சொல்லுங்க."

"சொல்றேன்" என்றேன். நாளைக்கு, அடுத்த வாரம், இன்க்ரிமென்ட் முடியட்டும் என்று தள்ளிக்கொண்டே போனேன். பிறகு வேறு வேலை கிடைத்தது, போய்விட்டேன்.

கம்பெனி இப்போது இல்லை. அந்த இடத்தில் கன்டெய்னர் லாரிகள் நிற்கின்றன. எக்ஸ்சேஞ்சுகளெல்லாம் பழைய இரும்புக்குப் போயின. வரதன் காலமாகிவிட்டார், மற்றவர்கள் எங்கே என்று தெரியாது. எஸ்தர் வீடு இருந்த தெருவில் அவளைப் பற்றிச் சொல்ல யாரும் இல்லை. போன வருஷம் சுங்குவார்சத்திரம் டீக்கடையில் ஏகாம்பரத்தைப் பார்த்தேன். டீ வருவதற்குள் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். தப்பு என்னுடையது, எஸ்தருடையது இல்லை என்று இரண்டு தடவை சொன்னேன். டீ வந்ததும் ஒரு வாய் குடித்தார்.

"அத்த வுடு சார்" என்றார். "எஸ்தருன்னா யாரு?"