என் மருமகளும் காருக்கு வைத்த மூக்கும்

கோபித்துக்கொண்டு போய்விட்டாளாம்! யாரோடு கோபம்? என்னோடுதானாம். என் மாவு டப்பாவின் மூடியைக்கூட விட்டுவைக்காமல் தூக்கிக்கொண்டு போனாளாம். விடியற்காலையில் என் மருமகள் வாசலைத் தாண்டினாள். பதினோரு மணிக்குள் எதிர்வீட்டு மீட்டர்காரர் மனைவி ரொட்டிக்கடை வாசலில் இதைச் சொல்லி முடித்துவிட்டாள். மூன்று பேர் வந்து என்னிடம் துக்கம் விசாரித்தாயிற்று. நாலாவது ஆள் வருவதற்குள் நானே சொல்லிவிடுகிறேன். மூடியை அவள் எடுக்கவில்லை, நான் கொடுத்தேன். என் மூடி, என் இஷ்டம்.

பன்னிரண்டு வருஷம் சலவைக்கூடத்தில் விரிப்பு மடித்தவள் அவள். இந்த வீட்டுக்கு வந்த முதல் வாரமே என் தையல் மெஷினைப் பிரித்துத் தரையில் பரப்பினாள். திரும்பச் சேர்த்தபோது ஒரு திருகாணி மிச்சம்.

"இது எதுக்குடி?"

"இதுதான் அத்தை, உள்ள விழுந்து கிடந்து இத்தனை நாளா கடகடன்னு கத்தினது."

அன்றிலிருந்து அந்த மெஷின் பூனை நடக்கிற மாதிரி ஓடுகிறது.

இப்படிப்பட்டவளை மலைமேல் இருக்கும் ஆஸ்பத்திரியில் சலவைக்கூடத்துக்கே பொறுப்பாளராகக் கூப்பிட்டார்கள். காலை ஆறு மணிக்கு அங்கே நிற்க வேண்டும். முதல் பஸ் போய்ச் சேரும்போது மணி எட்டு. வீட்டில் என் வீட்டுக்காரர் விட்டுப்போன கார் இருந்தது. கார்புரேட்டர் வைத்த பழைய வண்டி. சமதரையில் ராஜா மாதிரி போகும். மேட்டைக் கண்டால், மாமியார் வீட்டுக்கு வந்த மாப்பிள்ளை மாதிரி அசையாமல் உட்கார்ந்துகொள்ளும்.

என் மகன் நல்லவன். இன்சூரன்ஸ் ஆபீசில் விபத்துப் படிவங்களைச் சரிபார்க்கிறான். அதனால் உலகத்தில் எந்த வண்டியும் மோதுவதற்கென்றே செய்யப்பட்டது என்று நினைக்கிறான். அவனுக்கு ஆலோசனை சொல்பவர் மீட்டர்காரர். முப்பது வருஷம் வீடு வீடாகப் போய் மின்சார மீட்டர் குறித்தவர். ஓய்வு பெற்ற பிறகும் பழக்கம் போகவில்லை. இப்போது மீட்டரை விட்டுவிட்டு வீட்டை மட்டும் பார்க்கிறார். இரண்டு பேரும் கலந்து பேசி ஒரு தீர்ப்பு சொன்னார்கள்.

"ஞாயித்துக்கிழமை தண்ணித்தொட்டி மேட்டுல நிக்காம ஏத்திக் காட்டு. ஏறிட்டா திங்கக்கிழமை வேலைக்குப் போ. இல்லன்னா வேண்டாம்னு ஆஸ்பத்திரிக்கு போன் பண்ணிடுவேன்" என்றான் என் மகன்.

அவள் நேராகக் கார் நிற்கும் கொட்டகைக்குப் போனாள். பானெட்டைத் திறந்தாள். என்னையும் கூப்பிட்டுக் காட்டினாள்.

"இந்த வட்ட டப்பா வழியாத்தான் வண்டி மூச்சு விடுது அத்தை. டப்பா இன்ஜின் மேலயே இருக்கு. அடுப்பு மேல மூக்கை நீட்டிக்கிட்டே மாடி ஏறச் சொன்னா நீங்க ஏறுவீங்களா?"

"சும்மாவே ஏற மாட்டேன். முழங்கால் வலி."

பழைய சலவைக்கூடத்தில் கழித்துப்போட்ட துணி உலர்த்தும் மெஷினின் வெள்ளிக் குழாயைக் கேட்டு வாங்கி வந்தாள். கம்பளிப்பூச்சி மாதிரி வளையும் குழாய். அதன் ஒரு முனையை டப்பாவின் மூக்கில் மாட்டி இறுக்கினாள். மறுமுனையை ரேடியேட்டர் ஓரமாகக் கொண்டுபோய், விளக்குக்குப் பக்கத்தில், முன்காற்று அடிக்கிற இடத்தில் ஒரு தகரப் புனலோடு நிறுத்தினாள். இன்ஜின் சூடு குழாயில் படாமல் தடுக்க ஒரு தகடு வேண்டும் என்றாள். அங்கேதான் என் மாவு டப்பா மூடி போனது. மாவுக்கு இப்போது ஒரு தட்டைக் கவிழ்த்து வைத்திருக்கிறேன். மாவு ஒன்றும் அழவில்லை.

ஞாயிற்றுக்கிழமை தெருவே மேட்டில் கூடியது. இத்தனை பேர் என் வீட்டுக்காரரின் சாவுக்குக்கூட வரவில்லை. வண்டி வீட்டு வாசலில் ஒழுங்காகத்தான் கிளம்பியது. மேட்டில் பாதி ஏறியதும் கறுப்புப் புகையாகக் கக்கியது, குலுங்கியது, நின்றது.

"காத்துக்கு வழி காட்ட வந்துட்டாங்க! எங்க போகணும்னு காத்துக்குத் தெரியாதா?" என்றார் மீட்டர்காரர். தெருவே சிரித்தது. வண்டியைப் பின்பக்கமாகவே உருட்டி வந்து கொட்டகையில் விட்டார்கள்.

அவள் மறுபடி பானெட்டைத் திறந்தாள். புனலின் வாயில் ஒரு துணி, ரப்பர் வளையம் போட்டுக் கட்டியிருந்தது. நீலப்பூ தைத்த பழைய தலையணை உறைத் துண்டு. பூ தைத்தவள் நான். கட்டியவளும் நான்.

எனக்குத் திறந்த வாய் ஆகாது. குடமோ ஜாடியோ, இரண்டு விரல் துணியாவது கட்டினால்தான் கை ஓயும். மீட்டர்காரர் மனைவியின் வாய் ஒன்றுதான் இன்னும் கைக்கு எட்டவில்லை. முந்தின நாள் சாயங்காலம் மருமகள் குளிக்கப் போன நேரத்தில், தூசி போகுமே என்று புனலைக் கட்டி, பானெட்டையும் நானே சாத்தி வைத்தேன்.

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். அவ்வளவுதான். துணியைத் துவைத்துக் கொடியில் காயப்போட்டாள். புருஷனிடம் மூச்சு விடவில்லை. மத்தியானச் சாப்பாடு முடிந்தது. கைகழுவிவிட்டு என் மகன் போனை எடுத்தான்.

"போனைக் கீழ வைடா."

"ஏம்மா?"

"துணி கட்டினது நான். தூசி போகாம இருக்கட்டும்னு கட்டினேன். அதுல தப்பு ஒண்ணும் இல்ல. ஆனா நின்னது அவ குழாயால இல்ல, என் துணியால."

"அம்மா, அது மூச்சு விடுற குழாய்ம்மா! மூக்கைப் போய்க் கட்டுவாங்களா?"

"அப்போ மூக்குன்னு எழுதி ஒட்டியிருக்கணும்."

"ஒட்டியிருந்தா மட்டும் படிச்சிருப்பீங்களாக்கும்" என்றாள் அவள். அன்றைக்கு அப்போதுதான் சிரித்தாள்.

துணி இருந்த இடத்தில் டீ வடிகட்டியின் கம்பி வலையை வைத்து முடுக்கினாள். "உங்களுக்கு மூடின மாதிரி, அதுக்குத் திறந்த மாதிரி" என்றாள். நாலு மணிக்கு மூன்று பேரும் மறுபடி மேட்டுக்குப் போனோம். நான் பின்சீட்டில். தெருவில் ஒரு ஈ காக்கை இல்லை. தோற்பதைப் பார்க்க வந்த சனம் அத்தனையும் வயிறு நிறைந்து தூங்கிக்கொண்டிருந்தது. வண்டி உர்ரென்று இழுத்துக்கொண்டு தொட்டி வரைக்கும் ஏறியது. என் மகன் இறங்கி வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்தான்.

"சத்தம் கொஞ்சம் ஜாஸ்தியா இருக்கு" என்றான்.

இதற்கு மேல் அவனிடமிருந்து எதுவும் எதிர்பார்க்கக் கூடாது. ஆனால் இன்று காலை எழுந்து கொட்டகைக் கதவைத் திறந்துவிட்டவன் அவன்தான்.

அவள் பையை மாட்டிக்கொண்டு வெளியே வந்தாள். பையில் இருந்தது சீருடையும் ஸ்பேனரும், மதியச் சாப்பாடும். நான் கண்ணைத் துடைத்தேன். எதிர்வீட்டுத் திரை அசைந்தது. பையையும், என் கண்ணையும், கடன் மாவு வாங்க வந்தபோது டப்பாமேல் பார்த்த தட்டையும் கூட்டிப் பார்த்துத்தான் அந்த அம்மாள் கணக்குப் போட்டிருக்கிறாள்.

"நாலு மணிக்கு வந்துருவேன் அத்தை. அதுவரைக்கும் எதையும் கட்டி வைக்காதீங்க."

"போடி, போ. வடிகட்டி இல்லாம டீயில தூள் மிதக்குது. வரும்போது ஒண்ணு வாங்கிட்டு வா."

கார் திருப்பத்தில் மறைந்தது. நான் வாசலிலேயே நின்று காதைக் கொடுத்தேன். தண்ணீர்த்தொட்டி மேட்டில் அந்தச் சத்தம் கனத்தது, நிற்கவில்லை. அப்புறம் மேட்டைத் தாண்டி மெலிந்து போனது.