மஞ்சள் ஸ்பாஞ்சு வைத்த இயர்போன்

தம்பி சிங்கப்பூரிலிருந்து முதல் விடுப்பில் வந்தபோது எனக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம் ஆகியிருந்தது. ஸ்ரீவில்லிபுத்தூரில் பிறந்து ராஜபாளையத்துக்கு வாழ்க்கைப்பட்டவள் நான். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து கண்ணசருவதற்குள் வந்துவிடும் தூரம்தான். ஆனாலும் தம்பி வந்துவிட்டான் என்று தெரிந்ததும் ஆபீசுக்கு லீவு சொல்லிவிட்டு ஓடினேன். சத்திரப்பட்டி ரோட்டில், ஆஸ்பத்திரிகளுக்குக் கட்டுத்துணி செய்கிற கம்பெனி ஒன்றில் எனக்கு டைப்பிஸ்ட் வேலை.

வீட்டில் எல்லோருக்கும் கைலி, டார்ச் லைட், தைல பாட்டில் என்று கொடுத்து முடித்த பிறகு என்னிடம் மட்டும் தட்டையான ஒரு தகர டப்பாவை நீட்டினான்.

"அக்கா, இது உனக்குன்னே கொண்டாந்தது. கடையில கிடைக்காது."

அவனுக்கு அங்கே மேடைக் கச்சேரிகளுக்கு ஒலியமைப்பு செய்து கொடுக்கிற கம்பெனியில் வேலை. பாட்டைப் பதிவு செய்கிறவர்கள் காதுக்குள் செருகிக்கொண்டு கேட்கிற இயர்போன் அது. கம்பெனியில் புதுசு வாங்கியபோது முதலாளி பழையதை இவனுக்குக் கொடுத்திருக்கிறார். எங்கள் ஊரில் அப்போது இயர்போன் என்றால் காது மடலில் சும்மா தொங்குகிற வட்டமான சாமான். பஸ் குலுங்கினால் விழுந்துவிடும். இது அப்படியில்லை. பென்சில் துண்டு மாதிரி மெலிசாக, முனையில் குடைக்குள் குடை வைத்தது போல மூன்றடுக்கு ரப்பரோடு இருந்தது.

"காதை லேசா மேல இழுத்துப் பிடிச்சிக்கிட்டு உள்ள தள்ளு. பயப்படாத, மூளைக்குப் போயிராது" என்றான்.

தள்ளினேன். ரப்பர் உள்ளே போய் உட்கார்ந்ததும் வீடே அடங்கிப்போனது. அம்மா அடுப்படியில் வாயசைப்பது தெரிந்தது, சத்தம் வரவில்லை. தம்பி வாக்மேனை அமுக்கினான். எனக்கு எட்டு வயதிலிருந்து தெரிந்த பாட்டு. கல்யாண வீட்டு ஒலிபெருக்கியில், டீக்கடை ரேடியோவில், திருவிழாவில் என்று கேட்டுப் புளித்த பாட்டு. அந்தப் பாடகி இரண்டாவது அடிக்கு முன்னால் மூச்சை இழுக்கிறார்! பல்லவி முடிகிற இடத்தில் அவர் கையைத் தூக்கியிருக்க வேண்டும், வளையல் குலுங்குகிறது. இத்தனை வருஷமும் அந்த வளையல் அங்கேதான் இருந்திருக்கிறது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தேன் என்று பெயர்தான், கண்ணெல்லாம் தண்ணீர்.

"என்னக்கா?" என்று தம்பி ஒரு பக்கத்தைப் பிடுங்கினான்.

"வளையல் போட்டுருக்காகடா!" என்று கத்தினேன். காது அடைத்திருந்ததால் கத்துவது எனக்கே தெரியவில்லை. அடுப்படியிலிருந்து அம்மா கரண்டியோடு ஓடிவந்துவிட்டார்.

வாக்மேனையும் தம்பி எனக்கே விட்டுக்கொடுத்துவிட்டான். அன்று சாயங்காலம் ஊருக்குத் திரும்பும் பஸ்ஸில் கேசட்டின் ஒரு பக்கம் முடிவதற்குள் ராஜபாளையம் வந்துவிட்டது. ஏன் இந்த டிரைவர் இவ்வளவு வேகமாக ஓட்டுகிறார் என்று வாழ்க்கையில் முதல் தடவையாக நினைத்தேன்.

என் வீட்டுக்காரருக்கு நூல் மில்லில் ஃபிட்டர் வேலை. ஷிப்ட் முழுக்க அத்தனை ஸ்பிண்டில்களும் போடுகிற இரைச்சலுக்கு நடுவில் நிற்கிறவர். வீட்டுக்கு வந்தால் ரேடியோவை நிறுத்தச் சொல்லுவார். கோபத்தில் இல்லை, கெஞ்சுகிற மாதிரி. "செத்த நேரம் சத்தமில்லாம இருக்கட்டும் தாயி" என்பார். அதனால் கல்யாணத்துக்குப் பிறகு பாட்டு என்பது எனக்கு பஸ்ஸிலும் அம்மா வீட்டிலும் மட்டும் என்றாகியிருந்தது. இயர்போனைக் காட்டி, வளையல் கதையையும் சொன்னேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். வேலைப்பாடு நன்றாக இருக்கிறது என்றார். காதில் வைத்துப் பாருங்கள் என்றதற்கு, "ஆத்தாடி, காதுக்குள்ள எதையும் திணிக்க நம்மால ஆகாது" என்று எழுந்து போய்விட்டார்.

அவரை அதன் பக்கம் கொண்டுவந்தது எங்கள் வீட்டு நாய்தான்.

ஒருநாள் காலையில் இயர்போனை டப்பாவில் வைக்க மறந்து ஜன்னல் கட்டையில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனேன். வந்து பார்த்தால், அந்த உயரமான வெள்ளை நாய் முற்றத்தில் படுத்துக்கொண்டு எதையோ ருசித்து மென்றுகொண்டிருக்கிறது. நல்லவேளை, முனையிலிருந்த ரப்பர்களை மட்டும் உருவித் தின்றிருந்தது. காது மணம் நாய்க்குப் பிடிக்கும் என்று யார் கண்டது? ரப்பர் இல்லாமல் வெறும் குழாயாக நின்ற இயர்போனைக் கையில் வைத்துக்கொண்டு, ஈரத்தலையோடு நடுவீட்டில் உட்கார்ந்து அழுதேன்.

அத்தை, அதாவது என் மாமியார், பதறி வந்தார். விஷயம் தெரிந்ததும், "ரப்பருக்கா இந்த அழுகை? நான் என்னமோ ஏதோன்னுல்ல வந்தேன்" என்று போய்விட்டார். என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார், இயர்போனைப் பார்த்தார். சைக்கிளை எடுத்துக்கொண்டு வேலைக்குக் கிளம்பினார்.

சாயங்காலம் வரும்போது சட்டைப்பையில் ஒரு பொட்டலம். மில்லில் புது மெஷின் பூட்ட வந்த வெளிநாட்டு ஆள் விட்டுப்போன காதடைப்பான்கள், மஞ்சள் ஸ்பாஞ்சில் செய்தது, யாரும் சீந்தாமல் ஸ்டோரில் கிடந்ததாம். விரலில் உருட்டினால் திரி மாதிரி ஒடுங்கும், காதுக்குள் வைத்தால் மெள்ள விரிந்து அடைத்துக்கொள்ளும். வாஷர் வெட்டுகிற துளை உளியை வைத்து ஒரு தட்டு தட்டி அதன் நடுவில் ஓட்டை போட்டார். குழாயில் இறுக்கமாக நிற்பதற்கு சைக்கிள் வால்வு டியூபில் சின்னத் துண்டு நறுக்கி உள்ளே செருகினார். முதலாவது கிழிந்தது. இரண்டாவது கோணலாகிவிட்டது. அதற்கடுத்தது கச்சிதமாக உட்கார்ந்தது.

"சரியா அடைக்குதான்னு பாக்கணும்லா?" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, நான் கேட்காமலே தன் காதுகளில் வைத்துக்கொண்டார்.

கிணற்றடியில் துவைக்கிற கல்லின் மேல் உட்கார்ந்திருந்தார். ஸ்பாஞ்சு விரிய விரிய அவர் முகம் மாறுவதைப் பார்த்தேன். நான் வாக்மேனை அமுக்கப் போனபோது கையைப் பிடித்துத் தடுத்தார்.

"இரு. ஒண்ணுமே கேக்கல. எம்புட்டு நல்லாருக்கு!"

கொஞ்ச நேரம் அப்படியே இருந்தார். பிறகு அவரே தலையசைத்தார். நான் அமுக்கினேன். கேசட்டின் ஒரு பக்கம் முழுக்க அசையாமல் கேட்டார், தானே திருப்பிப் போட்டார். இருட்டுக் கட்டுகிற நேரத்தில் கழற்றிவிட்டு அவர் சொன்ன முதல் வார்த்தை எங்களுக்குள் பெரிய சண்டையைக் கிளப்பியது.

"அது வளையல் இல்ல. ஜால்ரா."

"வளையல்தான்."

"ஏட்டி, ஜால்ரா தெரியாதா எனக்கு? மார்கழிக்கு மார்கழி பஜனையில போட்டவன் நான்."

இந்த வழக்கு மாதக்கணக்கில் நடந்தது. ஆளுக்கு ஒரு காது வைத்துக்கொண்டு அந்த இடத்தையே ஓட்டி ஓட்டிக் கேட்போம். வயர் நீளம் போதாது. தலையோடு தலை ஒட்டி உட்கார்ந்தால்தான் இருவருக்கும் எட்டும். கூட்டுக் குடும்ப வீட்டில் பகல் வெளிச்சத்தில் புருஷன் பெண்டாட்டி அப்படி உட்கார ஒரு காரணம் கிடைத்தது என்பதை நாங்கள் இருவரும் வெளியே சொல்லிக்கொள்ளவில்லை. தீர்ப்பு வந்துவிடக் கூடாது என்பதில் மட்டும் கவனமாக இருந்தோம்.

அதன் பிறகு இயர்போன் என்னுடையது என்பதிலிருந்து எங்களுடையது ஆயிற்று. அவர் மில்லிலிருந்து நூல் சுற்றுகிற காகிதக் கோன் ஒன்று கொண்டுவந்து, வயரை அதில் தளர்வாகச் சுற்றி வைக்கப் பழக்கினார். இறுக்கிச் சுற்றினால் உள்ளே கம்பி அறுந்துவிடுமாம். நான் எங்கள் கம்பெனிக் கட்டுத்துணியில் துண்டு வெட்டி வைத்து, ஒவ்வொரு தடவை கேட்ட பிறகும் துடைப்பேன். எண்ணெய் தேய்த்துக் குளித்தால் அன்றைக்கு இயர்போனைத் தொடக் கூடாது என்பது சட்டம். சனிக்கிழமை அவர் தவிப்பார், வெள்ளிக்கிழமை நான்.

இவ்வளவு பார்த்தும் ஒருநாள் வலது பக்கம் மங்கிவிட்டது. பாட்டு பக்கத்து வீட்டிலிருந்து வருகிற மாதிரி கேட்டது. அவர் மீட்டர் வைத்து வயரைச் சோதித்தார், வயரில் கோளாறு இல்லை. தம்பி தெருமுனை எஸ்.டி.டி. பூத்துக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் போன் பண்ணுவான். அதுவரை பொறுத்திருந்தோம்.

லைன் அன்றைக்கென்று மோசமாக இருந்தது. பூத்தில் எங்களோடு இன்னும் சிலர் காத்திருந்தார்கள்.

"வலது பக்கம் செத்துப்போச்சுடா!" என்றேன். பின்னாலிருந்த ஒருவர் "அய்யய்யோ, யாருக்கும்மா?" என்று எழுந்துவிட்டார்.

"சாகாதுக்கா. குறும்பி அடைச்சிருக்கும்."

"என்னது?"

"குறும்பி!"

"துரும்பா?"

"காதுக் குறும்பிக்கா! காது அழுக்கு!"

"குறும்பியா?" என்று நான் போட்ட சத்தம் தெருவுக்கே கேட்டிருக்கும். பூத் முழுக்கச் சிரிப்பு. என் வீட்டுக்காரர் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு, "அது என்னோடது இல்ல" என்று யாரும் கேட்காமலே வாக்குமூலம் கொடுத்தார். பூத் நடத்துகிற அக்கா இரக்கப்பட்டு, தன் கொண்டையிலிருந்து ஊசியை எடுத்து நீட்டினார். "இந்தா, இதை விட்டு நோண்டு."

"ஊசி விடலாமாடா?"

"ஐயோ, வேண்டாம்!" தம்பி அலறியது அந்த இரைச்சலிலும் தெளிவாகக் கேட்டது. "டப்பா மூடிக்குள்ள ஒரு சின்ன கவர் இருக்கும் பாரு. அதுல கடுகு கணக்கா பச்சைப் பச்சையா வடிகட்டி இருக்கு. கூடவே ஒரு திருகு. திருகைக் குழாய்ல விட்டு லேசா சுத்தி இழுத்தா பழசு வந்துரும். புதுசை வச்சி அமுக்கு. மச்சான்ட்ட குடு, அவிய பண்ணிருவாக."

அந்தக் கவரை நான் பார்த்திருக்கிறேன். தகரத்தில் உரசாமலிருக்க வைத்த ஏதோ சாமான் என்று நினைத்திருந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் வெள்ளைத் துணி விரித்து அதன் மேல் வைத்து அவர் மாற்றினார். நான் மூச்சுகூட விடவில்லை, விட்டால் பச்சை வடிகட்டி பறந்துவிடும். காதில் வைத்து அமுக்கியபோது மூடியிருந்த ஜன்னலைப் படீரென்று திறந்தது போல இருந்தது. அப்போதுதான் மற்ற பக்கமும் கொஞ்சம் கொஞ்சமாக மங்கியிருந்தது புரிந்தது. அதையும் மாற்றினோம்.

இந்த அமளியெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த அத்தைக்கு ஆசை வந்துவிட்டது. நேரடியாகக் கேட்கிறவர் இல்லை. "அதுல பழைய பாட்டெல்லாம் வருமா, இல்ல உங்க காலத்துப் பாட்டுதானா?" என்றார். அவருக்கென்று புது ஸ்பாஞ்சு வெட்டி, பழைய படப் பாட்டுக் கேசட் ஒன்று வாங்கி வைத்து, வைக்கவும் எடுக்கவும் சொல்லிக் கொடுத்தேன். மத்தியானம் வேலை ஓய்ந்த பிறகு அத்தை எடுத்துக்கொள்வார்.

ஒரு சனிக்கிழமை எனக்கு அரைநாள். வீட்டு வாசலுக்கு வந்தபோது, காலை ஷிப்ட் முடித்து எனக்கு முன்னாலேயே வந்துவிட்டிருந்த அவர், சைக்கிளைப் பிடித்தபடி வேப்பமரத்தடியில் நின்றுகொண்டிருந்தார். உள்ளே போகவில்லை. என்னைப் பார்த்ததும் உதட்டில் விரல் வைத்தார்.

உள்ளே யாரோ பாடிக்கொண்டிருந்தார்கள். கொஞ்சம் தடித்த, கனிந்த, தயங்காத குரல். ரேடியோ என்றுதான் முதலில் நினைத்தேன். ரேடியோவில் பாடுகிறவர்கள் நடுவில் நிறுத்தி நாயை விரட்ட மாட்டார்கள்.

அத்தை முற்றத்தில் காலை நீட்டி உட்கார்ந்து அரிசி புடைத்துக்கொண்டே பாடிக்கொண்டிருந்தார். காது இரண்டும் அடைத்திருந்ததால், தான் முணுமுணுப்பதாக நினைத்துக்கொண்டு தொண்டை திறந்து பாடினார். எதிர்வீட்டிலிருந்து இரண்டு பெண்கள் வெளியே வந்து நின்றுவிட்டார்கள்.

"எங்கம்மா பாடி நான் கேட்டதே இல்ல" என்றார் அவர், கிசுகிசுப்பாக. "தாலாட்டுகூட ஞாபகம் இல்ல. எங்கப்பா இருந்த வரைக்கும் வீட்டுல பாட்டுன்னாலே ஆகாது, தெரியும்லா."

பாட்டு முடிந்தது. அத்தை முறத்தை ஒரு தட்டுத் தட்டிவிட்டு நிமிர்ந்தார். மகன், மருமகள், எதிர்வீட்டார் எல்லோரும் வாசலில். முகம் சிவந்து இயர்போனைப் பிடுங்கினார்.

"ஏலே, எப்ப வந்த? கூப்பிட வேண்டியதுதான?"

"கூப்பிட்டா நிறுத்திருவீக" என்றார் அவர். சைக்கிளை அப்படியே சாய்த்துவிட்டு, அம்மா பக்கத்தில் தரையில் போய் உட்கார்ந்துகொண்டார். "இன்னொண்ணு பாடுங்கம்மா."

"போடா, கிறுக்கு" என்றார் அத்தை. ஆனால் எழுந்து போகவில்லை.

வெறுங்காதோடு அத்தை பாடவே மாட்டார். கூச்சம். அந்த மஞ்சள் ஸ்பாஞ்சு காதுக்குள் போய்விட்டால் தெருவே கூடி நின்றாலும் கவலையில்லை. நவராத்திரிக்கு எதிர்வீட்டில் பாடக் கூப்பிட்டபோதும் இயர்போனோடுதான் போனார், வாக்மேனைப் புடவையில் செருகிக்கொண்டு. கொலுவுக்கு வந்தவர்கள் காது கேட்கிற மெஷின் என்று நினைத்துக்கொண்டார்கள். நாங்களும் திருத்தவில்லை.

பிறகு ஒரு மத்தியானம், அத்தை பாடிக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் கிடந்த வாக்மேனைத் தற்செயலாக எடுத்தேன். சக்கரம் சுற்றவில்லை. பேட்டரி எப்போதோ தீர்ந்துபோயிருந்தது. அத்தை கண்ணை மூடிக்கொண்டு அடுத்த வரியைப் பாடிக்கொண்டிருந்தார். தோளைத் தொட்டு ஒரு பக்கத்தை எடுத்தேன்.

"அத்தை, பாட்டே ஓடலியே."

"அது நேத்தே நின்னுபோச்சு" என்றார், திருட்டுச் சிரிப்போடு. "இதைக் காதுல வச்சிக்கிட்டுப் பாடினா என் குரல் உள்ளுக்குள்ள எம்புட்டுப் பெரிசா கேக்கு தெரியுமா? எனக்கு இப்படிக் குரல் இருக்குன்னே இம்புட்டு நாளா தெரியாதுட்டி."

என் கையிலிருந்ததை வாங்கி, ஸ்பாஞ்சை விரலில் உருட்டி, காதை மேலே இழுத்துப் பிடித்து, நான் சொல்லிக் கொடுத்த அதே பக்குவத்தில் வைத்துக்கொண்டார். நான் பேட்டரிகளைக் கழற்றி, இன்னும் கொஞ்சம் உயிர் வரட்டும் என்று மாடிக் கைப்பிடிச் சுவரில் வெயிலில் காய வைத்துவிட்டு இறங்கி வந்தேன். அத்தை இரண்டாவது சரணத்துக்குப் போயிருந்தார்.